கல்லைக் கொத்திய மீன்கொத்தி

ஏரிக்கரை மண்சுவரில் ஒரு மீன்கொத்தி வளை தோண்டிக்கொண்டிருந்தது. அதன் பெண்டாட்டி முட்டையிட இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. மற்ற பறவைகள் மாதிரி மரத்தில் கூடு கட்ட மீன்கொத்திக்குத் தெரியாது. கரையில் முழ நீளம் தோண்டினால்தான் குஞ்சுக்கு வீடு.

ஒரு சாண் போனதும் அலகு 'ணங்'கென்று கல்லில் இடித்தது. மீன்கொத்தி விடவில்லை. பின்னால் பறந்து போய், வேகமாக வந்து மறுபடி இடித்தது. மறுநாளும் அதே இடி. வேறு இடம் பார்க்கலாம் என்று பெண்டாட்டி எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. காதில் வாங்கினால்தானே?

தண்ணீரோரம் இருந்த தவளை மெல்லக் கேட்டது, "அண்ணே, கல்லுக்கு ரொம்ப வலிக்குதாமா?"

"கேலி பண்ணாதே. இதுக்குப் பேருதான் விடாமுயற்சி" என்றது மீன்கொத்தி.

மூன்றாம் நாள் அலகு நுனி உடைந்தது. பிடித்த மீன் வாயிலிருந்து நழுவி ஏரியிலேயே விழுந்தது. அன்றைக்கு இரண்டும் பட்டினி.

பெண் மீன்கொத்தி அதற்குமேல் காத்திருக்கவில்லை. நாலு முழம் தள்ளிப் போய்த் தானே தோண்டியது. அங்கே வேர் தடுத்தது. இன்னும் கொஞ்சம் தள்ளித் தோண்டியது. மண் பொலபொலவென்று சரிந்தது. மூச்சு வாங்கிவிட்டு மூன்றாவது இடத்தில் அலகை வைத்தது.

தவளைக்கு வாய் சும்மா இருக்குமா? "என்னக்கா, அண்ணன் ஒரே இடத்துல நிக்கிறாரு. நீங்க இடம் இடமா விட்டுட்டுப் போறீங்களே?"

"நான் குஞ்சுக்கு வீடு கட்டுறதை விடலை. அவரு கல்லை விடலை. அவ்வளவுதான்."

ஆண் மீன்கொத்திக்கு அது கேட்டது. உடைந்த அலகோடு கொஞ்ச நேரம் கல்லையே பார்த்தது. பிறகு பறந்து வந்து, "நீ நகரு, கொஞ்சம் உட்காரு. மண்ணையாவது நான் காலால தள்ளுறேன்" என்றது.

மூன்றாவது இடத்தில் மண் இறுக்கமாக நின்றது. பெண் அலகால் தோண்ட, ஆண் காலால் மண்ணை வெளியே தள்ளியது. ஏழாம் நாள் பொழுது சாய வளை முடிந்தது. மறுநாள் விடிந்ததும் உள்ளே முதல் முட்டை.

கல் இருந்த பழைய வளையில் தவளை குடிவந்துவிட்டது. உள்ளே நல்ல குளுமையாம்.

எதற்காக ஒரு வேலையைத் தொடங்கினோமோ அது நிறைவேறும்வரை வழியை மாற்றியாவது உழைப்பதே விடாமுயற்சி.