டோக்கன் எண் 417

அநியாயம் மயிலாத்தாளுக்கு நடந்தது. ஆலைகளால் வளர்ந்த அந்த நகரத்து மியூசியத்தில், மூன்றாம் கூடத்துச் சுவரை அடைத்து ஒரு புகைப்படம். அதில் மயிலாத்தாள் நூற்கும் இயந்திரத்தின் முன் நிற்கிறார். பின்னால் கோட்டும் வேட்டியுமாக ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் பெயர், பட்டம், பிறந்த ஊர் எல்லாம் கீழே உண்டு. மயிலாத்தாளுக்கு ‘பெண் தொழிலாளி’ என்று மட்டும்.

கூடத்தின் பொறுப்பாளர் நாச்சியாரிடம் வேலை கற்க வந்த இந்துமதி, முதல் வாரமே இதற்காகச் சண்டை பிடித்தாள். வரலாறு முதுகலை படிப்பவள்.

“மெஷினுக்குக்கூட எந்த நாட்டுல செஞ்சது, எந்த வருஷம்னு போட்டிருக்கீங்க மேடம். மனுஷிக்குப் பேரில்லையா?”

“தேடிக் கொண்டா. போட்டுடலாம்.”

தேடினாள். புகைப்படத்தில் அந்தப் பெண்ணின் சேலையில் குத்தியிருந்த டோக்கனில் 417 என்று தெரிந்தது. மில்லின் வருகைப் பதிவேட்டில் 417 சரஸ்வதி. இந்துமதி அன்றே பெயர்ப்பலகை எழுதி ஒட்டினாள். ஊர்ப் பத்திரிகையிலும் செய்தி வந்தது.

மூன்றாம் நாள் மயிலாத்தாளே வந்தார். எழுபத்து நான்கு வயது. கையில் மடித்த பத்திரிகை.

“ஏனுங் கண்ணு, இது நானுங்க.”

“சரஸ்வதியம்மாவா?”

“சரசு பிரசவத்துக்குப் போயிருந்தா. நான் அவளுக்குப் பதிலி. அவ டோக்கனைக் குத்திக்கிட்டு அவ இடத்துல நின்னேன். பதிலிக்கு ஏது கண்ணு சொந்த டோக்கன்? சரசு இப்ப இல்லை. இருந்தா அவளே சொல்லியிருப்பா.”

அவரை உட்கார வைத்துவிட்டு இந்துமதி நாச்சியாரின் அறைக்கு ஓடினாள். உட்காரவில்லை. மேசைக்கும் சன்னலுக்கும் நடந்துகொண்டே சொல்லி முடித்தாள்.

“அப்ப பேரை மாத்து” என்றார் நாச்சியார்.

“எப்படி மேடம்? ஆதாரம் வேண்டாமா?”

“அவங்க சொல்லிட்டாங்களே.”

“சொன்னாப் போதுமா? நாளைக்கு இன்னொருத்தர் வந்து நான்தான்னு நிப்பாங்க. பதிவேட்டுல இருக்கிறதை வாய்ச் சொல்லுக்காக அழிச்சா அது வரலாறே இல்லை.”

நாச்சியார் மேசைமேலிருந்த கோப்பை மூடினார். “சரி. உன் இஷ்டம்.”

இந்துமதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. படத்தின் முன் போய் நின்றாள். எல்லோரும் வலது கையால் ஒட்டும் அறுந்த இழையைப் படத்திலிருந்த பெண் இடது கையால் ஒட்டிக்கொண்டிருந்தாள். அதைக் கண்டதும் இந்துமதியின் முகம் மலர்ந்தது.

பார்வையாளர்களுக்கு ஓட்டிக் காட்டுவதற்கென்று கூடத்தில் பழைய நூற்பு இயந்திரம் ஒன்று இருந்தது. அதை ஓடவிட்டாள். சத்தம் கேட்டு நாச்சியார் கூடத்து வாசலுக்கு வந்தார். ஓர் இழையை விரலால் அறுத்தாள்.

“அம்மா, இதை ஒட்டிக் காட்டுறீங்களா?”

மயிலாத்தாள் எழுந்தார். வலது கை சுழலும் கதிரை நிறுத்தியது. இடது கை இழையை இழுத்து உருளையின் வாயில் கொடுத்தது. கண்மூடித் திறப்பதற்குள் நூல் ஓடியது.

“இடது கை! மேடம், பார்த்தீங்களா?” இந்துமதி செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இயந்திரம் பழையது. நாலு கதிர் தள்ளி இன்னொரு இழை தானாக அறுந்தது. மயிலாத்தாள் அங்கே போனார். அதற்கப்பால் இன்னொன்று. அங்கும் போனார். பஞ்சுத் தூசி பறந்தது. இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த கதிருக்கு நகர்ந்தார்.

“போதும்மா, போதும்.”

“மெஷின் ஓடுது கண்ணு” என்றார் மயிலாத்தாள், திரும்பாமல்.

நாச்சியார் வந்து சுவிட்சை அணைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். இருமல் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

இந்துமதி பழைய பலகையை உரித்துவிட்டு வந்தாள். “இனி யாரும் மறுக்க முடியாது மேடம். ஆதாரம் கையில இருக்கு. பேரை எழுதிடவா?”

“எழுது” என்றார் நாச்சியார். “சரஸ்வதியை நம்ப உனக்கு ஒரு நோட்டு போதும்னு இருந்துச்சு. இவங்களை நம்ப, இன்னொரு தடவை வேலை வாங்கிட்ட.”