தொட்டில் அறைக்கு ஒரு நிறம்

வேதாசலத்துக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. எல்லாம் சந்தோஷத்தில்தான். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பேத்தி நேராக இவர் வீட்டுக்கு வருகிறாள்.

தொட்டில் கட்டப்போகும் அறைக்குத்தான் இன்னும் பெயிண்ட் அடித்தபாடில்லை. சுவரில் கையகலத்துக்கு இளநீலமும், பக்கத்திலேயே லேசாக மஞ்சள் கலந்த வெள்ளையும் தீட்டிப் பார்த்திருந்தார். காலையில் நீலம் பிடித்தது. மதியம் வெள்ளை பிடித்தது. மனைவியைக் கேட்டால், "எதையாவது அடிங்களேன்" என்றாள்.

இரண்டு டப்பாக்களையும் தூக்கிக்கொண்டு மலையடிவார ஆசிரமத்துக்கு ஓடினார். அவருடைய குரு தையல்நாயகி அம்மா, வயதில் அவருக்கு மகளைப் போன்றவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, நீங்கதான் சொல்லணும். நீலம்னா குளுகுளுன்னு இருக்கும், வெயில் காலம் வேற. ஆனா வெள்ளையில ஒரு கதகதப்பு இருக்கு. பிள்ளை நம்ம வீட்டுல பாக்கப்போற முதல் நிறம். தப்பாயிடக் கூடாது பாருங்க."

"உங்க மகளை முதல்ல பாத்தது ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா?" வேதாசலம் டப்பாக்களைக் கீழே வைத்தார். "பழைய வேட்டியில சுத்தி நர்ஸம்மா கொண்டாந்து குடுத்தாங்க. தலை நிறைய முடி. நான் வாங்கினதும் ஒரு தும்மல் போட்டா. பயந்தே போயிட்டேன். வெளியில நல்ல மழை. என் சட்டையெல்லாம் ஈரம். பிள்ளைக்குக் குளிருமேன்னு தள்ளிப் பிடிக்கிறேன், அவ என் சுண்டுவிரலைப் பிடிச்சவ விடவே இல்ல."

அவர் சொல்லி முடிக்கும்வரை அம்மா காத்திருந்தார்.

"அந்த அறைச் சுவர் என்ன நிறம்?"

வேதாசலம் வாயைத் திறந்தார். யோசித்தார். கண்ணை மூடிப் பார்த்தார். மழைச் சத்தம் வந்தது. தும்மல் வந்தது. சுவர் மட்டும் வரவில்லை.

"சுவர்னு ஒண்ணு இருந்திருக்கும்" என்றார்.

அம்மா சிரித்துவிட்டார். அவருக்கும் சிரிப்பு வந்தது. இருந்தாலும் டப்பாக்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அப்போ எதைத்தான் அடிக்கட்டும்மா?"

"எது சீக்கிரம் காயுமோ அதை அடிங்க. காலையில நீங்க ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும்."