இன்னொரு பொட்டலம்

விடிந்தால் வைரவருக்குத் தீட்சை.

வாழ்நாளெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மனைவி போனபின் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, இந்த ஒரு நாளுக்காகவே மலையடி மடத்தில் பெருக்கி, மெழுகி, காத்துக் கிடந்தார். எல்லாம் விட்டுப் போயிற்று. யாரைப் பார்த்தாலும் டிக்கெட் கேட்கும் புத்தி மட்டும் போகவில்லை.

பூசை முடிந்ததும் குருவிடம் கேட்டேவிட்டார்.

"சாமி, தினமும் விழுந்து கும்பிடுறேன். கண்ணுல தண்ணி வருது. ஆனா நாம கும்பிடுறது யார் காதுலயாவது விழுதான்னு ஒரு சந்தேகம். இதை வெச்சுக்கிட்டுத் தீட்சை வாங்கலாமா?"

குரு நல்லசிவ அடிகள் வைரவரைவிட வயதில் இளையவர். அவர் வாயைத் திறப்பதற்குள் மடத்தை நிர்வகிக்கும் காறுபாறு அம்பலவாணர் குறுக்கே பாய்ந்தார். அவர் பேசினால் ஒவ்வொரு சொல்லும் ஒரு முழம் நீளும்.

"அபசா...ரம்! சந்தேகப் பேர்வழிக்குத் தீ...ட்சையா? பூக் கேளுங்கள் சாமி! சந்தேகப்படுகிறவன் இந்த மடத்தில் இருக்கலா...மா, கூடா...தா? ஆண்டவனே சொல்லட்டும்!"

"கேட்டுடலாமே" என்றார் அடிகள்.

அந்த மடத்தில் எதற்கும் பூக் கேட்பார்கள். திரைக்குப் பின்னால் அடிகள் ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளை நந்தியாவட்டையும் இன்னொன்றில் செவ்வரளியும் மடித்து, நாரால் கட்டிச் சந்நிதியில் வைப்பார். கேட்பவர் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் குளத்தில் போட்டுவிடுவார்கள்.

மடமே கூடிவிட்டது. வைரவர் கண்ணை மூடினார். ஒன்றை எடுத்தார். பிரித்தார்.

சிவப்பு.

"உத்தர...வு!" என்றார் காறுபாறு.

வைரவர் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு நடந்தார். வாசற்படியில் ஒரு காலை வைத்தவர், திரும்பி விடுவிடுவென்று ஓடி வந்தார்.

"சாமி! ஒண்ணே ஒண்ணு. அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுப் பார்க்கலாமா?"

கூட்டம் கொதித்தது.

"குள...த்தில் போடுவதுதான் வழக்க...ம்!"

"ஐயையோ பிரிக்காதீங்க பிரிக்காதீங்க, கண்ணு போயிரும், மழை போயிரும், அடுப்புல பொங்கல் அடிப்பிடிச்சிரும்!" மடப்பள்ளி மருதையா மூச்சு விடாமல் கத்தினார்.

அடிகளின் முகம் திருவிழா பார்த்த பிள்ளை முகம் போல ஆகிவிட்டது.

"அடடா! இதைக் கேட்க இத்தனை நாளா ஒரு ஆள் வரலையே!" என்று பொட்டலத்தைக் கையில் எடுத்தார். "பார்க்கக் கூடாதுங்கறவங்க கண்ணை மூடிக்கலாம்."

ஒருவரும் மூடவில்லை. மருதையா அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றார். காறுபாறின் மோவாய் அடிகளின் தோளில் இருந்தது.

நார் அவிழ்ந்தது. உள்ளே வெள்ளைப் பூ.

"ஏமாத்தலை!" வைரவர் குதித்தேவிட்டார். "ஆண்டவன் என்னை ஏமாத்தலை சாமி! இது போதும். இப்போ சந்தோஷமாப் போறேன்."

விழுந்து கும்பிட்டு எழுந்தார். ஜெயித்த காறுபாறு அந்தப் பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் குரல் இப்போது நீளவில்லை.

"சாமி, இளவயசுல கல்யாணமா மடமான்னு இங்கேதான் பூக் கேட்டேன். கல்யாணத்துக்குச் சிவப்பு வந்தது. இன்னொண்ணுலயும் சிவப்பையே கட்டியிருப்பாங்களோன்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு சந்தேகம்..."

"எனக்கும் எனக்கும்!" என்றது அண்டாமேலிருந்து ஒரு குரல்.

அடிகள் சிரித்தபடி ஆணியில் தொங்கிய பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"கிளம்புங்க எல்லாரும். சந்தேகப்படறவன் இருக்கக் கூடாதுன்னு உத்தரவு ஆயிடுச்சே."

"சாமி, நீங்களுமா?"

"பொட்டலம் கட்டறவன் நான். பதில் சொல்றது ஆண்டவனா, வாழைநாரான்னு எனக்கு வர்ற சந்தேகம் உங்களுக்கெல்லாம் வருமா?"

"அப்போ என் தீட்சை?" என்றார் வைரவர்.

"வெளியே பூவரச மரத்தடியில. அங்கே கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

மூட்டையும் கரண்டியும் செம்புமாக மடமே முண்டியடித்துக்கொண்டு வெளியேறியது. வாசலைத் தாண்டியதும் காறுபாறு திடுக்கிட்டு நின்றார்.

"சாமி! எல்லாரும் வந்துட்டோம். மடத்தை யார் பார்த்துக்கறது?"

அடிகள் திரும்பாமல் நடந்தார்.

"சந்தேகமே இல்லாதவர் ஒருத்தர் சந்நிதியில இருக்காரே. அவர் பார்த்துக்கட்டும்."