ஆறாம் மாதப் படம்

உப்பளத்தில் வேலை பார்க்கும் உச்சிமாகாளிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் கட்டி வந்தது. கட்டியை எடுத்த பள்ளத்தில், கணவாய் மீனின் ஓட்டைப் பதப்படுத்தி எலும்புக்குப் பதிலாகச் செய்த ஒரு துண்டை வைத்தார் டாக்டர் கிருபாகரன். ஐம்பது வயதில், தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய பெண் டாக்டர் சலேத்திடம் அவர் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தார்.

ஆறாம் மாதம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். முன்பு பளிச்சென்று தெரிந்த துண்டு மங்கிப்போயிருந்தது. கரைந்துவிட்டது என்றே முடிவுகட்டினார். பயந்துபோன டாக்டருக்கு முதலில் கத்திதான் ஞாபகம் வரும். மறுநாள் ஆபரேஷன் என்று உச்சிமாகாளியிடம் சொல்லிவிட்டு, படத்தோடு சலேத்தின் அறைக்கு ஓடினார்.

“மேடம், நாளைக்கு அதை எடுத்துட்டு உலோகத்துல ஒண்ணு வச்சிருதேன். நீங்க சரின்னு சொன்னாப் போதும்.”

“வலிக்குன்னு சொல்லுதாரா?”

“இல்லங்காரு. நல்லா நடக்காரு. அதான் எனக்குப் பயமே. நடந்துக்கிட்டு இருக்கும்போதே முறிஞ்சிட்டா?”

“திறந்தா?”

“சீழ் வைக்கலாம். காலே போனாலும் போகலாம்.” கிருபாகரன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “காலைல இருந்து தண்ணிகூட இறங்கல மேடம். அவர் பொண்டாட்டி வெளிய நிக்காங்க. அவங்க முகத்தைப் பார்க்க முடியல.”

எதை வெட்டி எடுக்கப் போகிறோமோ அதைப் படத்தில் பென்சிலால் சுற்றி வரையாமல் யாரும் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகக்கூடாது என்பது சலேத் வைத்திருந்த சட்டம். பதற்றத்தில் கிருபாகரன் அதை மறந்திருந்தார். சலேத் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, பென்சிலை அவர் கையில் கொடுத்தார்.

“வரைங்க சார்.”

கிருபாகரன் மேலிருந்து தொடங்கினார். பென்சில் கொஞ்ச தூரம் போய் நின்றது. அழித்துவிட்டு இடப்பக்கத்திலிருந்து வந்தார். அங்கேயும் நின்றது. எலும்பின் மெல்லிய கோடுகள் துண்டு இருந்த இடத்துக்குள் நேராகப் போய் மறுபக்கம் வந்தன. கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கிட்டே போய்ப் பார்த்தார்.

“நடுவுல எங்கயாவது கறுப்பா இடைவெளி தெரியுதா?” என்று கேட்டார் சலேத்.

“இல்ல.”

“அப்போ வரைங்க.”

“விளிம்பு கிடைக்கல மேடம். எது நான் வச்சது, எது அவர் எலும்புன்னு பிரிக்க முடியல.”

“அப்போ நாளைக்கு யாரோடதை எடுக்கப் போறீங்க?”