மேட்ச்சுக்கு முந்தைய ஐந்து நிமிடம்

ஜெசிந்தா டென்னிஸ் கோர்ட்டுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். தூத்துக்குடியில் கடல் காற்று திரும்பும் நேரம். செம்மண்ணை நனைக்காமல் விட்டால் அது பறந்துபோய் கிளப் கேன்டீன் டீயில் விழும்.

இசக்கி வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"பை எங்கட்டி?" என்றார் ஜெசிந்தா.

"வீட்ல இருக்குக்கா."

"நாளைக்கு மேட்ச். பை வீட்ல இருக்கு. நல்லா இருக்கே."

"அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஜெசிந்தா குழாயை மூடினார்.

இசக்கி டென்னிஸ் பழகியது அந்தக் கோர்ட்டில்தான். அப்போது அவள் பள்ளிச் சிறுமி. ஜெசிந்தா நாடு நாடாகப் போய் ஆடி முடித்து ஊர் திரும்பி, பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தொடங்கியிருந்த புதிது. இப்போது இசக்கிக்கே முப்பத்திரண்டு வயது. அவளும் நாடு நாடாகப் போய் ஆடிவிட்டாள். இரண்டு முழங்காலிலும் பட்டை. இதுதான் என் கடைசிப் போட்டி என்று சொல்லிவிட்டுத்தான் சொந்த ஊரில் நடக்கும் இந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். முதல் சுற்றில் அவளை எதிர்த்து ஆடப் போவது கோயம்புத்தூர் மிருதுளா. பதினாறு வயதுப் பெண்.

"ஆறு மணிக்குள்ள ரெஃபரி சாருக்கு ஒரு போன் பண்ணணும்" என்றாள் இசக்கி. "முழங்கால் முடியலன்னு சொன்னாப் போதும். வாக்ஓவர் குடுத்துருவாரு. அந்தப் பொண்ணு ஆடாமலே அடுத்த ரவுண்டு போயிரும்."

"முழங்கால் வலிக்கா?"

"வலிக்கத்தான் செய்யுது."

"ஆட முடியாத வலியா?"

இசக்கி வேறு பக்கம் பார்த்தாள்.

"அவ அடிக்கிறதைப் பாத்தீங்களாக்கா? ஒரு மணி நேரத்துல என்னைச் சுருட்டிப் போட்டுருவா. அப்பா வாராரு. சித்தி வாரா. என் ஸ்கூல் டீச்சருங்க எல்லாம் வாராங்க. இத்தனை வருஷம் ஆடி, கடைசியா அவங்க பாக்கப் போறது அதுவா?"

"உங்க சித்திக்கு ஸ்கோர் எண்ணத் தெரியுமா?"

"விளையாடாதீங்கக்கா."

ஜெசிந்தா சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"நீங்க நிறுத்துனப்போ உங்ககிட்ட என்ன மிஞ்சிச்சு? அதை மட்டும் சொல்லுங்க. நான் போயிருதேன்" என்றாள் இசக்கி.

ஜெசிந்தா அறைக்குள் போய் இரண்டு ராக்கெட்டும் சில பந்துகளும் எடுத்து வந்தார். ஒரு ராக்கெட்டை நீட்டினார். இசக்கி இடது கையில் வாங்கினாள். அவள் இடது கை ஆட்டக்காரி.

"எதுக்கு?"

"அஞ்சு நிமிஷம்" என்றார் ஜெசிந்தா.

இசக்கிக்குப் புரிந்தது. மேட்ச் தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம், எதிரெதிரே ஆடப்போகும் இருவரும் கையைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒருவருக்கொருவர் பந்து போட்டுத் தர வேண்டும். உனக்கு எப்படிப் பந்து வந்தால் வசதியோ அப்படி நான் போடுவேன். எனக்கு நீ போடுவாய். அதன் பிறகுதான் எண்ணிக்கை, சண்டை எல்லாம்.

இருவரும் கோர்ட்டின் இரண்டு பக்கமும் போய் நின்றார்கள். பந்து மெதுவாகப் போய் வந்தது. நாலைந்து தடவை போய் வந்ததும் இசக்கிக்கு உள்ளேயிருந்த கோபம் கைக்கு வந்துவிட்டது. ஜெசிந்தாவுக்கு எட்டாத மூலையில் ஓங்கி அடித்தாள்.

ஜெசிந்தா அசையவில்லை. பந்து வேலியில் மோதி உருண்டது.

"நல்ல அடி. போய் எடுத்துட்டு வா" என்றார்.

இசக்கி சுற்றிக்கொண்டு நடந்துபோய் எடுத்து வந்தாள். அடுத்த பந்தை நேராகப் போட்டாள்.

"வலைக்குப் பக்கத்துல வா" என்றார் ஜெசிந்தா. அவள் வந்து நின்றதும், கைக்கு வாகாக, இடுப்பு உயரத்துக்கு ஒரு பந்து வந்தது.

"இது நோய்னு ஒருத்தி போட்ட பந்து."

"யாருக்கா அது?"

"தாய்லாந்துக்காரி. பாங்காக் மேட்ச். என் பை வேற விமானத்துல போயிருச்சு. இரவல் ராக்கெட்டோட நிக்கேன். அது அவளுக்குத் தெரியும். அஞ்சு நிமிஷமும் இதே உயரத்துல, இதே இடத்துல போட்டா. கை பழகட்டும்னு."

"அந்த மேட்ச் ஜெயிச்சீங்களா?"

"கம்ப்யூட்டர்ல கிடக்கும், பாத்துக்கோ. இது அதுல இருக்காது."

அடுத்த பந்து தாழ்வாக வந்தது.

"இது நிலுஃபர். தாஷ்கண்ட். பல்லு கிட்டிக்கிற குளிரு. குளிர்ல பந்து கல்லு மாதிரி ஆயிரும், எழும்பாது. அவ பந்து டப்பாவைக் கோட்டுக்குள்ள அணைச்சு வெச்சு சூடாக்கிக் கொண்டு வந்தா. எனக்குப் போட வேண்டிய பந்தையும் சேத்து."

ஜெசிந்தா ஒரு பந்தை உயரத் தூக்கிவிட்டார். இசக்கி அண்ணாந்து பார்த்து அடித்தாள்.

"இது இலோனா. ஹங்கேரிக்காரி. சூரியன் என் கண்ணுக்கு நேரா இருந்துச்சு. சூரியன் படாம இந்தப் பக்கமா ஒதுக்கி ஒதுக்கித் தூக்கிக் குடுத்தா. எவ்வளவு நல்ல புள்ளன்னு நினைச்சேன். மேட்ச் தொடங்குச்சு பாரு, அம்புட்டுப் பந்தையும் சூரியனுக்குள்ளயே தூக்குனா, கள்ளி!"

ஜெசிந்தா சத்தமாகச் சிரித்தார். கேன்டீன் பக்கம் ஒருவர் திரும்பிப் பார்த்தார். இசக்கிக்கும் சிரிப்பு வந்தது. வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

"அவங்கல்லாம் இப்ப எங்கக்கா?"

"யாருக்குத் தெரியும்? நானும் இப்படி எங்கயாவது ஒரு கோர்ட்ல அவங்க கையில இருப்பேன்."

காற்று வந்தது. நனைந்த மண் வாசம் எழுந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.

"இனி சர்வீஸ்" என்றாள் இசக்கி. "அது யாரோடது?"

ஜெசிந்தா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சர்வீஸ்ல ஒண்ணு குறையுது."

"எப்படி?"

"எனக்குப் பதினேழு வயசு. புனேல போட்டி. முதல் ரவுண்டு வத்சலா காமத் கூட. அப்ப இந்தியாவுலயே அவங்கதான். உன்னை மாதிரி இடது கை. பேப்பர்ல வந்த அவங்க போட்டோவை எங்க வீட்டு அலமாரிக் கதவுக்குள்ள ஒட்டியிருந்தேன். அவங்க சர்வீஸ் மண்ல விழுந்து எப்படித் திரும்பும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. மேட்ச்ல ஜெயிக்கணும்னு எனக்கு நினைப்பே இல்ல. அஞ்சு நிமிஷத்துல ரெண்டு சர்வீஸாவது என் பக்கம் போடுவாங்கல்லா? அதைப் பாக்கணும். அவ்வளவுதான்."

"பாத்தீங்களா?"

"ஷூ லேஸை அவுத்து அவுத்துக் கட்டிட்டு உக்காந்திருந்தேன். ரெஃபரி வந்து கையைக் குலுக்குனாரு. நீ ஜெயிச்சிட்டேம்மாங்காரு."

"வாக்ஓவரா?"

"தோள்பட்டை வலியாம். அதுக்கப்புறம் அவங்க ஆடவே இல்ல."

"அப்ப அவங்களைக் கடைசியா ஜெயிச்சது நீங்கதான்."

"ஆமா. பேப்பர்ல வந்துச்சு. எங்கம்மா தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டுனா."

ஜெசிந்தா பந்தில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தேய்த்தார்.

"என் சர்வீஸைத்தான் சின்னதுல இருந்து பாக்கீங்களேக்கா" என்றாள் இசக்கி. "இடது கை எல்லாம் ஒரே மாதிரிதான் திரும்பும்."

"உன்னது உன்னது. அவங்களோடது எப்படித் திரும்பும்னு எனக்கு இன்னைக்கும் தெரியாதுட்டி."

இசக்கி பந்துகளைப் பொறுக்கினாள். கிளப் கடிகாரத்தில் ஆறு அடிக்கச் சற்று நேரமே இருந்தது. பெஞ்சில் வைத்திருந்த போனை எடுத்தாள். ரெஃபரியின் எண் திரையில் தெரிந்தது.

"அவங்க வத்சலா காமத், அக்கா" என்றாள். "நான் யாரு? என்னை எவ அலமாரில ஒட்டி வெச்சிருக்கப் போறா?"

ஜெசிந்தா குழாயை மறுபடி கையில் எடுத்தார்.

"மத்தியானம் மிருதுளா வந்துச்சு."

"இங்கயா? எதுக்கு?"

"கோர்ட்டைப் பாக்கணும்னுச்சு. கோர்ட்டை எங்க பாத்துச்சு? சுத்திச் சுத்தி ஒண்ணையேதான் கேட்டுச்சு. இசக்கி அக்கா சர்வீஸ் இந்த மண்ல விழுந்தா எந்தப் பக்கம் எழும்பும்னு."

இசக்கியின் விரல் திரைக்கு மேலே நின்றது.

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"நாளைக்கு நீயே பாத்துக்கோன்னுட்டேன்."