கேழ்வரகின் கல்யாணப் பத்திரிகை

"தோத்துட்டேன் மேடம். கேழ்வரகு என்னை ஜெயிச்சிடுச்சு."

சொன்ன சீடர் மாதப்பனுக்கு வயது ஐம்பத்தொன்று. கேட்ட குரு டாக்டர் குழலிக்கு முப்பத்து நாலு. வேளாண்மை அலுவலர் வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தால் அப்படித்தான், தங்கை வயதில்தான் குரு கிடைப்பார்.

உதறியதற்குக் காரணம் இருந்தது. பென்னாகரம் பக்கம் அவர் தம்பியின் கேழ்வரகுக் கொல்லை இரண்டு வருஷமாகக் குலைநோயில் பதராய்ப் போனது. நடுவே ஒரே ஒரு தூர் மட்டும் கதிர் முற்றி ஜம்மென்று நின்றது. அதைக் காப்பாற்றிய மரபணு எதுவென்று தெரிந்தால் ஊருக்கே விதை கொடுக்கலாம்.

"என்ன தகராறு?"

"மெஷின் மரபணுத் தொடரைத் துண்டு துண்டாப் படிச்சுக் கொடுக்குது. சேர்த்தா சேரமாட்டேங்குது. ஒரே வரி ரெண்டு தடவை வருது, ஓரெழுத்து மாறி. மெஷின் பிழைன்னு நான் திருத்திடுறேன். திருத்தத் திருத்தக் குழம்புது. அடுத்த மாசம் கமிட்டி வந்தா திட்டத்தையே இழுத்து மூடிடுவாங்க. என் தம்பி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

குழலி மேஜை இழுப்பறையைத் திறந்தார். அச்சகத்திலிருந்து வந்திருந்த தன் கல்யாணப் பத்திரிகை உறையை எடுத்தார். உள்ளே இருந்ததைச் சேர்த்துப் பரபரவென்று கிழித்தார்.

"ஐயையோ! என்ன மேடம் இது, அபசகுனமா!"

"புரூஃப்தான் சார். இன்னும் மஞ்சள் தடவல. ஒட்டுங்க."

மாதப்பன் பசையோடு உட்கார்ந்தார். அரைமணி நேரம் போனது. எரிச்சல் தலைக்கேறியது.

"உங்க அச்சகத்துக்காரன் சரியான அரைகுறை மேடம். மண்டபத்துப் பேரை ரெண்டு தடவை போட்டிருக்கான். ஒரு துண்டுல 'எங்கள் குமாரத்தி குழலி'ன்னு ஆரம்பிக்குது. இன்னொண்ணுல 'எங்கள் குமாரன் தணிகைவேல்'. இதுல எது பிழை?"

"அதான், எது பிழை?" குழலியும் கேட்டார்.

மாதப்பனின் பசை விரல் அப்படியே நின்றது.

கிழிந்தது ஒரு பத்திரிகை இல்லை. இரண்டு. பெண் வீட்டார் அடித்தது ஒன்று, மாப்பிள்ளை வீட்டார் அடித்தது ஒன்று.

கேழ்வரகும் அப்படித்தானே! எந்தக் காலத்திலோ இரண்டு புல் கலந்து பிறந்த பயிர். தாய்ப்புல்லின் தொடரும் தகப்பன்புல்லின் தொடரும் முழுசாக உள்ளே இருக்கின்றன. இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறார் மாதப்பன்.

"அட மடப்பயலே!"

தன்னையே திட்டிக்கொண்டு ஓடினார். பசை டப்பா உருண்டது.

அன்றோடு திருத்துவதை நிறுத்தினார். மாறியிருந்த எழுத்துகளைப் பிடித்துக்கொண்டே, இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம் என்று பிரித்தார். மூன்று வாரம் சோறு தண்ணி மறந்து போனது.

குழலிக்குத் தாலி ஏறி அரைமணி ஆகவில்லை. வாழ்த்த நின்ற வரிசையை முண்டியடித்துக்கொண்டு மாதப்பன் மேடை ஏறினார். சட்டை முழுக்க வேர்வை, கையில் ஒரு தாள்.

"சேர்ந்துடுச்சு மேடம்! முழுசா சேர்ந்துடுச்சு! நோய் தாங்குற மரபணுவும் மாட்டிக்கிச்சு!"

"எந்தப் பக்கத்துல இருந்துச்சு?"

"பெண் வீட்டுப் பக்கம்!"

மாலையும் கழுத்துமாக நின்ற குரு, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.