அமைதி காக்கவும்

கிளை நூலக உதவியாளர் அருளாந்து, நூலகர் மெகருன்னிசாவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். ஆனால் செல்போன் விஷயத்தில் அவர்தான் சீடர். கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கப்படாத மனிதர்.

"வாட்ஸ்அப் குழுவுல தினமும் புதுப் புத்தகப் பட்டியல் போடறேன் மேடம். எரநூறு வாசகர் இருக்காங்க. ஒருத்தர்கூட இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. ஏன்?"

அவர் கவலையில் நியாயம் இருந்தது. இந்த மாதமும் வருகைப் பதிவேடு காலியாக இருந்தால் கிளையை மூடிவிடுவோம் என்று மேலிடத்துக் கடிதம் வந்திருந்தது.

"அவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் மெகருன்னிசா.

"அவங்க எப்படிச் சொல்ல முடியும்? நான் மட்டும்தான் மெசேஜ் போடற மாதிரி பூட்டி வச்சிருக்கேன். நூலகம்னா அமைதி வேணும்ல?"

பெருமையாகத்தான் சொன்னார். மெகருன்னிசா சிரிக்கவில்லை.

"வாசல் போர்டு கோணலா இருக்கான்னு பாருங்க சார்."

அருளாந்து வெளியே போனதும் மெகருன்னிசா கதவை உள்ளே தாழிட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தார்.

"வாங்க சார், வாங்க. தேனீ வளர்ப்பு பத்திப் புதுசா ஒண்ணு வந்திருக்கு."

"கதவத் தெறங்க மேடம்."

"சமையல்ல மூணு. துப்பறியும் நாவல் ஏழு."

"வெயில் மண்டையப் பொளக்குது மேடம்."

"பிள்ளைங்களுக்குப் படக்கதை பன்னண்டு. உள்ள வாங்க சார்."

"நீங்களே பேசிட்டிருந்தா எப்படி? நான் சொல்றதக் காதுலயே வாங்க மாட்டீங்களா?"

சொன்னவர் அப்படியே நின்றார். பாவம், முகம் சுருங்கிப்போனது. பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, தான் போட்ட பூட்டைத் தேடி நீக்கினார். 'இனி எல்லாரும் பேசலாம்' என்று எழுதினார்.

தாழ்ப்பாள் திறந்தது.

மதியம்வரை ஒன்றும் வரவில்லை. அருளாந்து சாப்பாட்டைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு முதல் மெசேஜ் வந்தது.

'ராஜா மாளிகை மர்மம் ரெண்டாம் பாகம் யார்கிட்ட இருக்கு? நாலு மாசமா தேடறேன்.'

'என்கிட்டதான். குழந்தை பொறந்துருச்சு, வர முடியல.'

'எந்தத் தெரு? நானே வந்து வாங்கிக்கறேன்.'

'தாலாட்டுப் புத்தகம் இருக்கா சார்?'

'சாயங்காலம் எத்தனை மணிவரைக்கும் தெறந்திருக்கும்?'

போன் விடாமல் கத்தியது. அருளாந்து அதைக் கையால் பொத்திக்கொண்டு, பழக்கதோஷத்தில் சுவரில் இருந்த 'அமைதி காக்கவும்' பலகையைப் பார்த்தார்.

"மேடம், ஒரே சத்தமா இருக்கே."

"ஆளுங்க வந்துட்டாங்க சார். பதில் சொல்லுங்க."